ஓடாத லிஃப்ட்களின் படக்காரி

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் படக்காரி. சினிமாவுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் அது. ஊரில் எந்த லிஃப்ட் ஓடுகிறது, எது நின்றுகிடக்கிறது, எந்த மெக்கானிக் எங்கே இருக்கிறார் என்பதையெல்லாம் ஒரே பார்வையில் சொல்லிவிடும் திரையை வடிவமைப்பது அவள் வேலை. டேஷ்போர்டு என்பார்கள். கணக்குப் பிரிவுக்காரர்களுக்கு அந்தச் சொல் வாயில் நுழைந்ததே தவிர மண்டையில் நுழையவில்லை. "படம் போடுற அம்மா" என்று ஆரம்பித்து, படக்காரியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெயரில் அவளுக்கு வருத்தமில்லை. படம் போடுவதற்கும் படம் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லையே என்பதுதான் வருத்தம்.

அருவருப்பு அவளுக்குச் சட்டென்று வந்துவிடும். சிலருக்குக் கரப்பான்பூச்சியைக் கண்டால் வரும், இவளுக்கு வட்டப் படத்தைக் கண்டால் வரும். ஒரு வட்டத்தை இருபது துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு சாயம் பூசி, எந்தச் சாயம் எதற்கு என்பதை மூலையில் எறும்பு எழுத்தில் எழுதியிருப்பார்கள். அதைப் பார்க்கிறவன் மூலைக்கும் வட்டத்துக்கும் கண்ணை ஓட்டி ஓட்டிக் களைத்து, கடைசியில் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவான். அந்த "நல்லா இருக்கு" காதில் விழுந்தால் அவள் முகம் புளியைக் கடித்ததுபோல் ஆகிவிடும். சாய்ந்து நிற்கும் தூண்கள், நிழல் விழும் எண்கள், கண்ணைச் சிமிட்டும் அம்புக்குறிகள் எல்லாமே அவளுக்குக் கண்றாவிதான். மற்ற பிரிவுக்காரர்கள் கூட்டத்துக்குத் தயார் செய்த படங்களை அவள் கண்ணில் படாமல் ஒளித்துக் கொண்டுபோவார்கள்.

இந்தக் குணம் பிறவியில் வந்ததல்ல. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு அவளை வளர்த்தது அக்கா. அக்கா பிஸ்கட் ஆலையில் பொட்டலம் போட்டு இவளைப் புள்ளியியல் படிக்க வைத்தாள். கல்யாணம் ஆனபோதும் தங்கையைக் கூடவே கூட்டிப்போனாள். அத்தான் பஸ் டிரைவர். வந்த அன்றே, "இந்த வீட்டுல கண்டக்டர் வேலை காலியா இருக்கு, நீ பார்த்துக்கோ" என்று சொல்லிக் கூச்சத்தைப் போக்கியவர். படிப்பு முடிந்து முதல் வேலை ஒரு ரொட்டி ஆலையில். விற்ற ரொட்டியைக் காட்டும் திரை வேண்டும் என்றார்கள். கடைகளிலிருந்து பூசணம் பூத்துத் திரும்பி வந்த ரொட்டியும் விற்ற கணக்கிலேயே ஏறிக்கொண்டிருப்பதை அவள் கண்டுபிடித்து, அதைத் தனியாகப் பிரித்துக் காட்டினாள். ஆலைக்காரர் திரையைப் பார்த்து, "அழகா இருந்ததைக் கெடுத்துட்டியேம்மா" என்றார். அங்கிருந்து விலகியவள் இரண்டு மூன்று இடம் மாறி இங்கே வந்து சேர்ந்தாள். போன இடமெல்லாம் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பார்க்கிறவர் எழுந்து போகணும். எங்க போகணும்னு தெரிஞ்சு போகணும். அதுக்குத்தான் திரை."

இங்கே முதலாளிக்கு வேறு ஆசை. வரவேற்பறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு டி.வி. மாட்டி, காரில் வேகம் காட்டும் முள் மாதிரி ஒன்று வேண்டும் என்றார். சிவப்பில் ஆரம்பித்து மஞ்சள் வழியாகப் பச்சையில் முடியும் அரைவட்டம், நடுவில் ஒரு முள். வந்த புகார்களில் எத்தனை முடிந்தது என்பதை முள் காட்டும். அவ்வளவுதான் திரை. எந்த லிஃப்ட், எந்தத் தெரு, ஏன் நின்றது என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை. "வர்றவங்க பார்த்ததும் மனசு நிறையணும்மா" என்றார். சம்பளம் வாங்குகிறோமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொடுத்தாள். முள் எப்போதும் பச்சையிலேயே நின்றது. புதிதாக ஒப்பந்தம் போட வருகிறவர்களை அதன் முன்னால் நிறுத்தி, முதலாளி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். அதைப் பெற்றவரே அவர்தான் என்பதுபோல இருக்கும் அந்த நிற்பு. அவள் அந்த வழியாகப் போகாமல் பின்படியால் ஏறிப்போகப் பழகிக்கொண்டாள்.

இப்படிச் சில வருஷம் போன பிறகு அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. காலமெல்லாம் பிரேக்கை மிதித்த கால் அது. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது, முதல் சில மாதம்தான் முக்கியம், தொடர்ந்து பயிற்சிக்கு வந்தால் கால் திரும்பும், விட்டுவிட்டால் இறுகிப்போகும் என்று சொல்லி அனுப்பினார்கள். கம்பிகள், கயிறுகள், நடைமேடை எல்லாம் மருத்துவமனையில்தான் இருந்தன. அக்காவின் வீடு ஏழாவது மாடியில் இருந்தது; தங்கை இப்போது வேலைக்குப் பக்கத்தில் தனியாக அறை எடுத்திருந்தாள். வாரம் மூன்று முறை அக்கா அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து லிஃப்டில் இறக்கிக் கூட்டிப்போனாள். கால் கட்டைவிரல் அசைய ஆரம்பித்தது. அக்கா அதை ஃபோனில் சொன்ன அன்றைக்கு அவள் தன் மேஜையில் உட்கார்ந்து அழுதாள்.

அப்புறம் லிஃப்ட் நின்றது.

முதல் வாரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அத்தானை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். திரும்பி ஏறும்போது நான்காவது மாடித் திருப்பத்தில் ஒருவருக்குக் கால் பிசகி, நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விழவில்லை. ஆனால் அத்தான் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விட மறுத்துவிட்டார். பஸ் நிறைய ஆட்களை உட்காரவைத்து மலைப்பாதையில் ஓட்டியவர், மூட்டையாகப் படியில் போகமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு பயிற்சி இல்லை.

இதில் எதையும் அக்கா அவளிடம் சொல்லவில்லை. தங்கை வேலை பார்க்கிற நிறுவனம்தானே பராமரிக்கிறது, சொன்னால் அவளுக்குச் சங்கடம் என்று மூடி மறைத்துவிட்டாள். விடுமுறை நாளில் பார்க்கப் போனபோதுதான் அவளுக்கே தெரிந்தது. கீழே லிஃப்ட் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: வேலை செய்யவில்லை. ஒட்டிய தாளின் ஓரங்கள் சுருண்டிருந்தன; ஏதோ ஒரு குழந்தை அதில் மீசை வைத்த முகம் ஒன்றையும் வரைந்திருந்தது. அவள் அங்கேயே நின்று ஃபோனில் நிறுவனத்தின் புகார்ப் பட்டியலைத் திறந்தாள். அந்தக் கட்டடம், அந்த லிஃப்ட். பக்கத்தில் அவளே தேர்ந்தெடுத்த பச்சை நிறத்தில், அவளே வைத்த எழுத்தில் 'முடிந்தது' என்று இருந்தது.

ஒருமுறை அல்ல. புகார் கொடுத்த ஒவ்வொரு முறையும் முடிந்தது. மூன்று புகார், மூன்றும் முடிந்தது. முதலாளியின் முள்ளைப் பச்சைப் பக்கம் தள்ளியதில் அக்கா வீட்டு லிஃப்டுக்கும் மூன்று பங்கு உண்டு. ஏழு மாடியும் படியேறிப் போனாள். மேலே அத்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "என்ன கண்டக்டரம்மா, படியிலயா வந்த?" என்று சுவரிடமே கேட்டார். அவள் போர்வையை விலக்கிக் கட்டைவிரலைப் பார்த்தாள். "அசைங்க அத்தான்" என்றாள். அவர் முயற்சி செய்ததாகத் தெரிந்தது. விரல் அசையவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தப் பகுதி மெக்கானிக்கைப் பிடித்தாள். ஐம்பதைத் தாண்டிய தொந்திக்காரர். வாகன நிறுத்தத்தில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த லிஃப்ட் ஓடவே இல்ல. மூணு தடவையும் முடிஞ்சதுன்னு போட்டிருக்கீங்க."

"முடிஞ்சதே மேடம்."

"என்ன முடிஞ்சது? நேத்து நான் ஏழு மாடி ஏறிப்போனேன்."

"என் வேலை முடிஞ்சது மேடம். லிஃப்ட் வேலை முடியல." அவர் இதில் எந்த முரண்பாட்டையும் காணவில்லை. "போனேன், திறந்தேன், கன்ட்ரோல் போர்டு எரிஞ்சிருக்குன்னு பார்த்தேன். ஸ்டோர்ல கேட்டா சரக்கு இல்ல, வெளிநாட்டுலருந்து வரணும்ங்கறாங்க. அங்க உக்காந்து நான் என்ன பண்றது? ஆப்ல மூணே பொத்தான் இருக்கு. கிளம்பிட்டேன், வந்துட்டேன், முடிஞ்சது. முடிஞ்சதை அமுக்கலைன்னா அடுத்த வேலை வராது. நாள் முழுக்க அதே படிக்கட்டுல உக்காந்திருக்கணும்."

"எல்லாருமே இப்படித்தான் அமுக்கறீங்களா?"

"பின்ன? கால்ல விழுந்தாலும் வேற பொத்தான் கிடையாதே. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். படம் போடுறது நீங்கதானே?"

அந்த ஆப் அவளுக்கு முன்னால் செய்யப்பட்டது. யாரோ ஒரு புண்ணியவான் மூன்று பொத்தானோடு நிறுத்திவிட்டுப் போயிருந்தான். ஆனால் அந்தப் பொத்தானிலிருந்து வருவதை எடுத்து முள்ளில் கோத்தவள் அவள்தான். 'முடிந்தது' என்றால் யாருக்கு முடிந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. லிஃப்ட் ஓடுகிறதா என்பதையே கேட்காத ஒரு திரை, லிஃப்ட் நிறுவனத்தின் வாசலில் மின்னிக்கொண்டிருக்கிறது. கர்மம். அவளுக்குத் தன் மீதே அருவருப்பு வந்தது.

அந்த வாரமே சர்வீஸ் மேனேஜரிடம் அத்தான் கதையைச் சொல்லி, நான்காவது பொத்தானைப் போடவைத்தாள்: 'பார்த்தாச்சு, ஓடவில்லை'. மெக்கானிக்குகள் சந்தோஷமாக அமுக்கினார்கள். பொய் சொல்வதில் அவர்களுக்கு ஒன்றும் ஆசையில்லை, வழி இல்லாமல்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு புதிய திரை செய்தாள். முள் இல்லை, வட்டம் இல்லை, நிழல் இல்லை. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. தலைப்பு: 'இப்போது ஓடாத லிஃப்ட்கள்'. அதன் கீழே வரிவரியாகக் கட்டடம், எத்தனை நாளாக, எதனால், அடுத்து யார் என்ன செய்யவேண்டும். ரொம்ப நாளாக நிற்பது மேலே இருக்கும். கண் முதலில் எங்கே விழுகிறதோ அங்கே அதிகக் கஷ்டம் இருக்கவேண்டும் என்பது அவள் கணக்கு. வரிசையை யாரும் கையால் மாற்ற முடியாதபடி பூட்டு போட்டாள். செய்து முடித்துப் பார்த்தபோது, பல வருஷத்துக்குப் பிறகு தன் வேலையைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருக்க முடிந்தது.

பட்டியலின் உச்சியில் வேறொரு கட்டடம் இருந்தது. பழைய அடுக்ககம், ஊரின் அந்தக் கோடி, அதே கன்ட்ரோல் போர்டு எரிந்து கிடந்தது. அக்கா வீடு இரண்டாவது வரியில் இருந்தது.

முதலாளியிடம் காட்டப் போனாள். குளிரூட்டிய அறை, மேஜைமேல் கண்ணாடிக்குள் ஒரு சின்ன பொம்மை லிஃப்ட், பொத்தானை அமுக்கினால் ஏறி இறங்கும். அந்த நிறுவனத்தில் ஒருபோதும் பழுதாகாத லிஃப்ட் அது ஒன்றுதான். அவர் திரையைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது.

"என்னம்மா இது, சாவுச் செய்தி மாதிரி இருக்கு?"

"ஓடாதது இவ்வளவு இருக்கு சார். இதுவரைக்கும் முடிஞ்சதுன்னு காட்டினதுல பாதி முடியல." பொத்தான் கதையைச் சொன்னாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் அவரிடம் பெரிய தொல்லை. கத்தினால் திருப்பிக் கத்தலாம், அவர் கத்தவே மாட்டார். "நீங்க சொல்றது சரிம்மா. ஆனா இதை வாசல்ல மாட்டினா எவன் வருவான்? உள்ளுக்குள்ள நாம பார்த்துக்குவோம். வெளியில அந்த முள்ளே இருக்கட்டும்."

"அது பொய் சார்."

"பொய்னு ஏன் எடுத்துக்கறீங்க? கொஞ்சம் பூசி மெழுகறது. எல்லாரும் பண்றதுதான்."

அவள் எழுந்திருக்கலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். இந்த அறையில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் அந்தப் பொம்மை லிஃப்டைப் பிடுங்கி எறிந்துவிடுவோமோ என்று தோன்றியது. அந்த நேரம் முதலாளியின் ஃபோன் அடித்தது. எடுத்துக் கேட்டவர் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா, நீங்க கவலைப்பட்டீங்களே, ஸ்டோர்ல ஒரு போர்டு வந்திருக்கு" என்றார். "ஒண்ணுதான். மத்தது எப்போ வரும்னு தெரியலயாம்."

"அப்போ முதல் வரிக்கு அனுப்பலாம் சார்."

"அனுப்பலாம் அனுப்பலாம்." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "ஆமா, சர்வீஸ் மேனேஜர் சொன்னார், உங்க அக்கா வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையாமே? நம்ம பராமரிக்கிற கட்டடம்தானாமே? நம்ம வீட்டு ஆளு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இந்த லிஸ்ட்ல இருக்கா? எது அது?"

பூட்டுப் போட்ட பட்டியல் அது. வரிசை நியாயமானது என்று அவளுக்குத் தெரியும், அவளே செய்தது. முதல் வரியில் இருப்பவர்கள் யார், அங்கே எந்த மாடியில் எந்தச் சுவரைப் பார்த்து யார் படுத்திருக்கிறார்கள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. சொல்லமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அசையாத அந்தக் கட்டைவிரல் கண்முன் வந்து நின்றது. வலது கையை நீட்டி, திரையில் முதல் வரியைத் தாண்டி, இரண்டாவது வரியைத் தொட்டுக் காட்டினாள்.

முதலாளி ஃபோனில் இரண்டே வார்த்தை பேசினார். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார். அன்பான சிரிப்புதான். "பாருங்கம்மா, நான்தான் தப்பா நினைச்சிட்டேன். நல்ல லிஸ்ட் இது. யாருக்கு என்ன செய்யணும்னு பார்த்ததும் தெரியுது. இதை என் மேஜையில மட்டும் போட்டுக்கொடுத்துடுங்க. வேண்டியவங்க ஃபோன் பண்ணும்போது வசதியா இருக்கும்."

அவள் சரி என்றாள். எழுந்து வெளியே வந்து, பின்படியைத் தேடிப் போகக்கூட மறந்து, வரவேற்பறை வழியாகவே நடந்தாள். முள் பச்சையில் நின்றது. அதன் முன்னால் யாரோ இரண்டு பேரை நிறுத்தி விளக்கிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் அதைப் பார்த்தபோதெல்லாம் வந்த அருவருப்பு இப்போது வரவில்லை. தொட்டுக் காட்டிய விரலைத் துடைத்துக்கொண்டே வாசலைத் தாண்டினாள்.

அடுத்த நாள் அக்கா வீட்டு லிஃப்ட் ஓடியது. தொந்திக்கார மெக்கானிக் ஃபோன் செய்து, "இப்போ நிஜமாவே முடிஞ்சது மேடம்" என்று சிரித்தார். பட்டியலில் இரண்டாவது வரி மறைந்தது. முதல் வரி இருந்த இடத்திலேயே இருந்தது, நாள் கணக்கில் ஒன்று கூடியிருந்தது.

பயிற்சிக்குப் போன முதல் நாள் அவளும் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனாள். பயிற்சி கொடுக்கும் பெண் கடுமையான ஆள். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அக்காவைத் திட்டிவிட்டு, அத்தானை இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி, முட்டிக்கு மேல் பட்டை கட்டினாள். "பிரேக்கை மிதிங்க" என்றாள், அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாள் போலிருக்கிறது. அத்தானுக்கு வியர்த்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வலது கால் தரையை விட்டு எழும்பவில்லை. ஆனால் தேய்த்துக்கொண்டே ஒரு சாண் முன்னால் வந்தது.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க முடியாத, உடம்பெல்லாம் பரவிய, நிஜமான சந்தோஷம். அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. இன்னொரு முறை அந்த அறையில் உட்காரவைத்து, எது அது என்று கேட்டால், மறுபடியும் அதே வரியைத்தான் காட்டுவோம் என்று தெரிந்தது. அந்த நினைப்பே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தாள்.

"எப்படிடி இவ்வளவு சீக்கிரம் சரி பண்ணினாங்க? கீழ்வீட்டுக்காரங்க இன்னும் ரெண்டு மாசம் ஆகும்னாங்களே."

"நம்ம வரிசை வந்துச்சுக்கா" என்றாள் அவள்.

அக்கா அதை அப்படியே நம்பினாள்.